கட்டில்காரருக்கு ஒரு கட்டில்

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைக் கட்டில்காரர் என்றுதான் சொல்வோம். கட்டில் செய்து விற்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வார்டில் எந்தக் கட்டில் காலி, புதிதாக வருகிற நோயாளியை எங்கே படுக்க வைப்பது என்று பார்க்கிற உத்தியோகம் அவருக்கு. தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறையை ஒட்டி ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு மேசை, இரண்டு டெலிபோன், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் வார்டு வாரியாகக் கட்டம் போட்டிருக்கும். கட்டிலில் ஆள் இருந்தால் அந்தக் கட்டத்தில் சிவப்புக் காந்தம், கிளம்பப் போகிறவர் என்றால் மஞ்சள், காலி என்றால் பச்சை. காலையில் பார்த்தால் பலகை முழுக்கச் சிவப்பாக இருக்கும். மதியத்துக்குள் அதில் நாலு பச்சையை வரவழைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நான் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் சிஸ்டர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் நான் வந்து கைப்பையை மேசையில் வைப்பதற்குள் போன் அலறும். எடுத்தால், "சிஸ்டர், காலி இருக்கா?" என்பார். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை கிடையாது. நானும் சளைத்தவள் இல்லை. "இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

காலி இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் வார்டு சிஸ்டர்கள் செய்கிற வேலைதான் இது. ஒரு கட்டிலையாவது ஒளித்து வைத்தால்தான், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து திடீரென்று ஒருவரைத் தள்ளிக்கொண்டு வரும்போது முழிக்காமல் இருக்கலாம். அதனால் என் மூலைக் கட்டிலுக்கு எப்போதும் ஏதாவது ஒரு கோளாறு இருக்கும். ஒரு நாள் மெத்தை ஈரம், ஒரு நாள் சக்கரம் கழன்றுவிட்டது, இன்னொரு நாள் பக்கத்து ஆக்சிஜன் குழாயில் கசிவு. அவர் அதையெல்லாம் நம்புகிற ஆளா? மாடி ஏறி வந்து மெத்தையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போவார். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்துவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் எங்கள் அவசரப் பிரிவு இருந்த நிலை கண்கொண்டு பார்க்க முடியாது. தாழ்வாரத்தில் எள் போட இடம் இருக்காது. இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர்கள், நடுவில் சொந்தக்காரர்கள், அவர்கள் காலை மிதித்துக்கொண்டு நாங்கள். அதே நேரத்தில் மேலே வார்டில் என்ன நடந்துகொண்டிருக்கும்? குணமானவர்கள் சட்டை மாற்றித் தலை வாரிக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் போகலாம் என்று சொல்லியிருப்பார். ஆனால் மருந்து கட்டி வந்திருக்காது, மகனுக்கு வேலை முடிந்திருக்காது, மருமகனுக்கு வண்டி கிடைத்திருக்காது. கீழே ஒருவர் கட்டிலுக்குத் தவம் கிடக்க, மேலே ஒருவர் கட்டிலை அடைகாத்துக்கொண்டிருப்பார்.

இன்னும் கட்டில் வேண்டும், புதுக் கட்டடம் வேண்டும் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தோம். கட்டில்காரர் கத்தவில்லை. பெரிய டாக்டரிடம் போய், காலை ரவுண்ட்ஸில் வீட்டுக்குப் போகிறவர்களை முதலில் பார்த்துவிட முடியுமா என்று கேட்டார். பெரிய டாக்டர் நல்ல மனுஷர். தன்னோடு சின்ன டாக்டர்களையும் அப்படியே செய்ய வைத்தார். மருந்துகளை முந்தின நாளே கட்டி வைக்க ஏற்பாடானது. வாசலுக்குப் பக்கத்தில் வேண்டாத சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, நாற்காலிகளும் மின்விசிறியும் போட்டார்கள். அதற்கு நாற்காலி அறை என்றே பெயர் வந்துவிட்டது. கிளம்புகிறவர்கள் கட்டிலை விட்டு இறங்கி அங்கே போய் வீட்டு ஆளுக்காகக் காத்திருப்பார்கள். அதற்குள் மேலே விரிப்பு மாற்றி அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவோம்.

என் வார்டை பஸ் ஸ்டாண்டு ஆக்கிவிட்டீர்கள் என்று நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புமே சிஸ்டர், இங்கே எதுவும் கிளம்பாததுதானே கஷ்டம் என்றார். அந்தக் கோபம் எனக்குள் ரொம்ப நாள் இருந்தது.

இதற்கெல்லாம் உயிர்நாடி அவருடைய சாயங்கால போன்தான். மறுநாள் யார் யார் கிளம்புகிறார்களோ அத்தனை பேர் வீட்டுக்கும் முந்தின நாள் சாயங்காலம் அவரே போன் செய்வார். அதற்கென்று ஒரு குரல் வைத்திருந்தார். மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது, மடிப்புக் கலையாத சட்டை மாதிரி ஒரு குரல். "வணக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். உங்க வீட்டு ஆள் கிளம்பத் தயார். அழைச்சிட்டுப் போக யார் வரீங்க? பேர் சொல்லுங்க." யாராவது வருவோம் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தால் விடவே மாட்டார். யாராவது என்று உலகத்தில் ஒருத்தரும் கிடையாதுங்க, பேர் சொல்லுங்க என்பார். பேர் வாங்கின பிறகு, ஏதாவது மாறினால் கூப்பிடுங்கள் என்று தன் மேசை நம்பரை ஒப்பிப்பார். அந்த நம்பரை அவர் எத்தனை ஆயிரம் வீடுகளுக்குச் சொல்லியிருப்பாரோ, யார் கண்டது.

இன்னொரு விஷயத்திலும் அவர் படு கறார். ஆபரேஷன் ஆனவர்களைத் தனியாக அனுப்பவே கூடாது. ஒரு பெரியவர் என் வார்டிலிருந்து தானே கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரும் வேண்டாம், நானே போய்க்கொள்வேன் என்று கிளம்பினார். வாசல் கேட்டைத் தாண்டவில்லை, மயங்கி விழுந்து தையல் பிரிந்து, அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு கட்டில்காரர் பெரிய டாக்டரிடம் சொல்லி ஒரு விதியே போட வைத்தார். வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து, மருந்தைக் கையில் வாங்கி, என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது என்று காதால் கேட்டுக்கொண்டால்தான் நோயாளி வாசலைத் தாண்டலாம், வருகிறவர் பேர் வாங்காமல் நாற்காலி அறைக்குக்கூட அனுப்பக் கூடாது.

வேலை முடிந்தும் அவர் வீட்டுக்குப் போக மாட்டார். நாற்காலி அறையில் போய் உட்கார்ந்துவிடுவார். வருகிறேன் என்று சொன்ன ஆள் வராமல் யாராவது ஒருவர் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, எந்தப் பக்கம் வீடு, பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆள் வந்து கூட்டிப் போன பிறகும் சில நாள் அங்கேயே இருப்பார். பெரிய கடமை வீரர், ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டுவிட்டார் என்று நாங்கள் கேலி பேசுவோம். காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போவார்.

என் வார்டு ஆயா அவர் தெருவில் குடியிருக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்கு மீதிக் கதை தெரியும். அவருக்கு ஒரே மகள், கட்டிக் கொடுத்து வெளியூரில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் என்று மனைவி துணைக்குப் போனார். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. மகள் வேலைக்குப் போக வேண்டுமே, பிள்ளையை யார் பார்ப்பது? அப்புறம் இரண்டாவது பிள்ளை. சண்டையா, சச்சரவா, ஒன்றும் கிடையாது. அடுத்த மாசம் வந்துடறேன் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொல்வதும் நின்றது, இவர் கேட்பதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர் போன் செய்வார். எப்படி இருக்கே, நல்லா இருக்கேன், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

யாருக்கோ வந்த பார்சல் தப்பாகத் தன் வீட்டுக்கு வந்துவிட்டது என்று ஆயா ஒரு தடவை அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியுமா? சமையலறையில் அடுப்பு பளபளவென்று துடைத்து வைத்திருந்ததாம், பற்ற வைத்தே பல நாள் ஆன அடுப்பு. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் நடமாட்டத்தில் இருந்ததாம், மற்றதெல்லாம் சுவரோரம் அடுக்கி வைத்திருந்ததாம். படுக்கையறையில் இரட்டைக் கட்டில். அதில் ஒரு பாதியில் தலையணை, இன்னொரு பாதி முழுக்கத் துவைத்த துணிகள், மடிக்காமல் குவிந்து கிடந்தனவாம். ஆயா இதைச் சொல்லி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு என்னவோ போல் இருந்தது, அவளை வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

இந்த மனுஷருக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் ஒரு பக்கம் எலுமிச்சை அளவு புடைத்திருந்ததைக் கையால் அழுத்திக்கொண்டுதான் மாடிப் படி ஏறுவார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஆகட்டும் சார், கட்டில் காலியாகட்டும் என்பார். ஆஸ்பத்திரிக்கே கட்டில் கொடுக்கிறவர் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றால் என்ன சொல்வது? எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது. அது வெறும் கட்டில் கணக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் மேசையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே மடங்கிப் போனார். குடல் சிக்கிக்கொண்டுவிட்டது, தள்ளிப் போட நேரமே இல்லை. நேராகத் தியேட்டர், அங்கிருந்து என் வார்டு. அவரைப் படுக்க வைக்க என்னிடம் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது, காலையில் போனில் அவரிடமே இல்லை என்று சொன்ன மூலைக் கட்டில். மயக்கம் பாதி தெளிந்த நிலையில் மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தார். "இது ஈரம்னு சொன்னீங்களே, சிஸ்டர்" என்றார். வாயை மூடிக்கொண்டு தூங்குங்கள் என்றேன்.

அந்த நேரத்தில்தான் கூட இருந்த நர்ஸ், வீட்டு நம்பர் சொல்லுங்கள் சார் என்று கேட்டாள். கண்ணைத் திறக்காமலே கடகடவென்று ஒரு நம்பரைச் சொன்னார். அவள் குறித்து வைத்தாள்.

வார்டில் படுத்திருந்தபோதும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. எந்தக் கட்டிலில் யார் புரள்கிறார், யார் எழுந்து நடக்கிறார், யாருக்கு நாளைக்குப் போகலாம் என்று படுத்த இடத்திலிருந்தே கணக்குப் போடுவார். அவர் மேசையில் அப்போது கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மா எனக்குப் போன் செய்து காலி இருக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, நான் இல்லை என்று சொல்வதை இவர் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். வைத்த பிறகு, அந்த ஜன்னலோரக் கட்டில் காலிதானே என்பார். நோயாளியாக வந்தும் குடைச்சல் ஓயவில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததும் உண்மை.

பார்வையாளர் நேரம் வந்தால் மட்டும் அந்தச் சுறுசுறுப்பெல்லாம் எங்கேயோ போய்விடும். கதவு திறந்ததும் கும்பல் கும்பலாக உள்ளே வருவார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி அண்ணன் தம்பிகள், இன்னொரு கட்டிலில் மனைவி ஏறி உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுப்பாள், யாரோ ஒரு குழந்தை என் மேசையிலிருந்து பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாராம். தூங்குகிறவருடைய கால் கட்டைவிரல் அப்படி ஆடுமா? முதல் நாள் பார்த்தேன், இரண்டாவது நாளும் பார்த்தேன். வீட்டுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டேன். சொல்லணும் என்றார். அதற்கு மேல் கேட்கிற தைரியம் எனக்கே வரவில்லை, நான் யாரையும் கேட்கத் தயங்காதவள்.

நன்றாகத் தேறிவிட்டார். ஒரு நாள் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் நேராக அவரிடம்தான் வந்தார். கிளம்புகிறவர்களை முதலில் பார்க்கச் சொன்னது நீங்கள்தானே, அப்படியானால் முதலில் நீங்கள் கிளம்புங்கள் என்று சிரித்தார். கட்டில்காரரும் சிரித்தார். டாக்டர் போனதும் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரி, பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் மற்றவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு, கட்டு மாற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

யார் வருகிறார்கள் சார் என்று கேட்டேன்.

"வருவாங்க, சிஸ்டர்."

"யாரு?"

தரையைப் பார்த்தார். "யாராவது வருவாங்க."

இந்தப் பதிலை வேறு யார் சொல்லியிருந்தாலும், கட்டில்காரர் கேட்டால் விட்டுவிடுவாரா என்று அடக்கியிருப்பேன். அவரிடமே அவர் வார்த்தையைத் திருப்பிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவருடைய கைபேசி சார்ஜ் தீர்ந்து அலமாரியில் கிடந்தது. அன்றைக்கு நர்ஸ் குறித்து வைத்த நம்பரைப் பார்த்து வார்டு போனில் அழுத்தினேன். ஆஸ்பத்திரிக்குள் பேச எங்களுக்குச் சின்ன எண்தான் பழக்கம், வெளி நம்பரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அதனால் எனக்கு ஒன்றும் சந்தேகம் வரவில்லை. இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"கட்டில் பிரிவு, சொல்லுங்க" என்றார் கணக்குப் பிரிவு அம்மா.

யார் என்று இரண்டு முறை கேட்டார். நான்தான் என்றதும் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்துவிட்டார். நல்ல வேளை சிஸ்டர், நீங்களே கூப்பிட்டீர்கள், ஆண்கள் அறுவையில் ஒன்றாவது கொடுங்கள், கீழே ஒருவர் வயிற்று வலியோடு காலையிலிருந்து ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார், அவர் மனைவி என் மேசைக்கு வந்து அழுகிறார் என்று கெஞ்சினார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். எங்கள் வார்டு போன் பழசு. அதில் பேசுகிறவர் குரல் நாலு கட்டில் தள்ளிக்கூடக் கேட்கும்.

"நம்ம மேசைக்கா போச்சு?" என்று கேட்டார் கட்டில்காரர்.

"ஆமா."

"மயக்கத்துல கேட்டாங்க, சிஸ்டர். வாயில வந்த நம்பர் அதுதான்."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். பக்கத்துக் கட்டில் நோயாளிகூட லேசாகச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மருந்துத் தட்டைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவர் எழுந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாகவே போகிறேன், ஒரு வண்டி பிடித்தால் போதும் என்றார். விதி என்ன ஆச்சு என்றேன். விதியைக் கேட்டு வாங்கினவன் நான்தானே, எனக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்தாரே ஒரு பெரியவர், அவரும் இதையேதான் சொன்னார் என்றேன். மறுபடி உட்கார்ந்தார். வீடு வரைக்கும் நானே கொண்டுவந்து விடுவேன், அது பெரிய காரியமில்லை. அப்புறம்? ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், துடைத்து வைத்த அடுப்பா அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும்?

இன்றைக்கு இங்கேயே இருங்கள், இந்தக் கட்டிலுக்கு ஏதாவது கோளாறு சொல்லிச் சமாளிப்பது என் பாடு என்று மெதுவாகச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். கீழே ஒருவர் காத்திருக்கிறார் சிஸ்டர், அவர் மனைவி அழுகிறாராமே என்றார். அப்படியானால் உங்கள் வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றேன். கீழே அந்த ஆளுக்குக் கட்டில் வேண்டும் என்றால் இவர் போக வேண்டும். இவர் போக வேண்டும் என்றால் ஒருத்தர் வர வேண்டும். வருகிறவர் பேர் இல்லாமல் நாற்காலி அறைக்குக்கூட அனுப்ப முடியாது, வேறு வழி கிடையாது.

அவர் ரொம்ப நேரம் பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டு, வரலைன்னா?" என்றார். "கூப்பிடாம இருக்கிற வரைக்கும், கூப்பிடாததால வரலைன்னு நினைச்சுக்கலாம், சிஸ்டர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலா, அவர் மனைவி மேலா, என் மேலேயா என்று தெரியவில்லை. ஊரில் உள்ள அத்தனை வீட்டுக்கும் போன் போட்டு வா வா என்று கழுத்தைப் பிடிக்கத் தெரிகிறது, சொந்தப் பெண்டாட்டியை வா என்று கூப்பிட வாய் வரவில்லையா என்று கேட்டேவிட்டேன். டெலிபோனைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். அவர் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. அவர் முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வணக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன். உங்க வீட்டு ஆள் கிளம்பத் தயார். அழைச்சிட்டுப் போக யார் வரீங்க?"

அதே குரல். மேலேயும் போகாத, கீழேயும் இறங்காத குரல். அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்து அழுதுகொண்டிருந்தது. அதை அதட்டிக்கொண்டே ஒரு பெண் குரல் வந்தது, எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தப்பா போட்டிருக்கீங்க. எங்க வீட்டு ஆள் யாரும் ஆஸ்பத்திரியில இல்லைங்க."

வைத்துவிட்டார்கள். அவர் ரிசீவரைச் சத்தம் வராமல் அதன் இடத்தில் வைத்தார்.

"யாரும் இல்லையாம், சிஸ்டர்" என்றார்.

தினமும் காலையில் நான் அவருக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார். சிரித்தவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்க நான் கத்தினேன். அந்தக் குரலில் பேசினால் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளா கூப்பிட வேண்டும், மனுஷனாகக் கூப்பிடுங்கள் என்றேன். வேண்டாம் சிஸ்டர் என்றார். நானே அதே நம்பரை மறுபடி கூப்பிடுகிற பொத்தானை அழுத்தி ரிசீவரை அவர் காதில் வைத்தேன்.

எடுத்தார்கள். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"நான்தான்" என்றார்.

"நீங்களா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே" என்றார் அந்த அம்மா. பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே பேசிக்கொண்டு போனார். பேச ஆள் கிடைத்துவிட்ட மாதிரி பேசினார். "இப்பத்தான் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. தப்பு நம்பர். யாரையோ அழைச்சிட்டுப் போக ஆள் வேணுமாம். இவன் அழற அழுகையில பட்டுனு வெச்சுட்டேன். அப்புறம் மனசே கேக்கலை. பாவம், அந்த மனுஷன் யாராவது வருவாங்கன்னு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு இல்லையா? உங்க ஆஸ்பத்திரியிலயும் இப்படி உண்டா?"

"உண்டு" என்றார். நான் ரிசீவரை அவர் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அது நான்தான்" என்றார்.

"எது?"

"அந்த மனுஷன். எனக்கு ஆபரேஷன் ஆச்சு. இன்னிக்குப் போகச் சொல்லிட்டாங்க. உக்காந்திருக்கேன். நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

அந்தப் பக்கத்தில் குழந்தை அழுவது மட்டும்தான் கேட்டது. பிறகு அந்த அம்மா பேச ஆரம்பித்தார். என்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை, எப்போது ஆச்சு என்று கேட்கவில்லை. "யாரும் இல்லைன்னு சொல்லிட்டேனே" என்றார். "என் வாயாலேயே யாரும் இல்லைன்னு சொல்லிட்டேனே." அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

"பரவாயில்லை" என்றார் கட்டில்காரர். இப்போது அவரும் அழுதுகொண்டிருந்தார், எங்கள் யாரையும் அவர் பொருட்படுத்தவில்லை. "பரவாயில்லை. நீ கிளம்பு."

அந்த அம்மா வந்து சேர எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரைக்கும் நாற்காலி அறையில் இருக்கிறேன் என்று சொல்லி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். ஆயா சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள். நான் கீழே கணக்குப் பிரிவு அம்மாவுக்குப் போன் செய்து, ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, மூலைக் கட்டிலின் விரிப்பை உருவ ஆரம்பித்தேன்.